எந்தத் தண்ணீர் செல்லும்

"உங்க பெரிய பொண்ணு எந்த சாமியக் கும்பிட்டுச்சும்மா?" என்று வக்கீல் கலியமூர்த்தி கேட்டதும் மங்கலத்துக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

வீட்டைப் பற்றிப் பேச வந்த இடத்தில் சாமிக்கு என்ன வேலை? கடலூர் கூத்தப்பாக்கத்தில் அந்த வீட்டைக் கட்டியது அவள் மூத்த மகள் அனுப்பிரியா. அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து, பாங்கில் கடன் போட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சித்தாளோடு சித்தாளாகச் சுவருக்குத் தண்ணீர் அடித்துக் கட்டிய வீடு. மங்கலமும் இளைய மகள் பிரிசில்லாவும் அவளோடு அங்கேதான் இருந்தார்கள். மஞ்சள் காமாலை வந்து அனுப்பிரியா போய்ச் சேர்ந்தாள். அழுத கண் காய்வதற்குள் சிதம்பரத்திலிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்துவிட்டது. வீடு எனக்குச் சொந்தம், காலி செய்து கொடு என்று அனுப்பியிருந்தவள் சின்னம்மாள், அனுப்பிரியாவின் மாமியார். மருமகள் முகத்தை அவள் பார்த்தே பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. சாவுக்குக்கூட எட்டிப் பார்க்கவில்லை.

"அவ எந்த சாமியக் கும்பிட்டா உங்களுக்கு இன்னா சார்? வூடு யாருதுன்னு சொல்லுங்க."

"அதத்தாம்மா சொல்ல வரேன். அந்தப் பொண்ணு எந்த மதமோ, அதுக்கு ஏத்த மாதிரிதான் வூடு போவும்." கலியமூர்த்தி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "இந்துப் பொம்பள, புள்ளயில்லாம, உயில் எழுதாம செத்துட்டா, அவ சொந்தமா சம்பாரிச்சது மொதல்ல புருஷனுக்கு. புருஷன் இல்லன்னா புருஷனோட வாரிசுக்கு. அந்தப் பக்கம் ஒரு ஈ காக்கா இல்லன்னாதான் பெத்தவளுக்கு."

"கிறிஸ்தவப் பொண்ணா இருந்தா?" என்று கேட்டாள் பிரிசில்லா. அவள் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அதிகம் பேசாதவள்.

"அது வேற சட்டம். புருஷன், புள்ள, அப்பா யாரும் இல்லன்னா அம்மாவுக்கும் கூடப் பொறந்தவங்களுக்கும்."

"அப்போ நான் செத்தா எங்கம்மா எனக்கு அம்மா. எங்கக்கா செத்தா எங்கம்மா யாரோ?"

வக்கீல் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். மின்விசிறியைப் பார்த்தார். பிறகு, "சாஸ்திரத்துல அப்படி இருக்குது. கன்னிகாதானம் பண்ணிக் குடுத்துட்டா பொண்ணு அந்த வூட்டு மனுஷி. அத வச்சுத்தான் எழுதியிருக்காங்க" என்றார்.

"தானமா?" மங்கலத்தின் குரல் வெளியே டைப் அடிக்கிற பெண் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு ஏறியது. "யாரு தானம் பண்ணது? செத்துப்போன எம் புருஷன் பக்கிரி செங்கச் சூளையில வெந்து, பந்தல் போட்டு, பிரியாணி ஆக்கிக் கல்யாணம் பண்ணான். தானம்னு ஒரு வார்த்த அவன் வாயில வரல. எங்க காலனிக்குள்ள எந்த அய்யரு வந்து சாஸ்திரம் சொன்னாரு? சாமி ஊர்வலம் எங்க தெருவுக்கு வராது, சாஸ்திரம் மட்டும் வந்துடுதா?"

"என்ன ஏம்மா திட்டுற? நானா எழுதுனேன்?"

யாரைத் திட்டுவது என்றுதான் அவளுக்கும் தெரியவில்லை. எழுதியவன் கையில் கிடைத்தால் சத்துணவுக்கூடத்துக் கரண்டியால் நாலு போட்டிருப்பாள். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் சோறாக்கிப் போட்ட கை அது.

சின்னம்மாளின் கதையை அவள் வக்கீலுக்குச் சொன்னாள். அனுப்பிரியாவைச் சிதம்பரம் அம்மாபேட்டையில் கதிர்வேலுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். நல்ல பையன். இரண்டாம் வருஷம் முட்லூர் பக்கம் லாரிக்காரன் அடித்துப் போட்டுவிட்டுப் போய்விட்டான். கருமாதி அன்று வளையலை உடைக்கிறேன் என்று பெண்ணின் மணிக்கட்டையே கிழித்தார்கள். அது போதாதென்று சின்னம்மாள் தெருக்குழாயில் ஒரு குடம் தண்ணீர் பிடித்து, கட்டிய புடவையோடு தன் தலையில் கவிழ்த்துக்கொண்டு, தெருவே பார்க்கக் கத்தினாள். "எம் மவன முழுங்குனவளுக்குத் தல முழுகிட்டேன்! இன்னியோட இவளுக்கும் எங்க வூட்டுக்கும் ஒட்டுமில்ல, ஒறவுமில்ல!"

செத்தவர்களுக்குத்தான் தலைமுழுகுவார்கள். உயிரோடு இருக்கிறவளுக்கு முழுகினால் அவள் செத்தவளுக்குச் சமம். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை, எங்கள் பக்கத்து வழக்கத்தில். ரத்தம் கசிந்த கையோடு மகளைக் கூட்டிக்கொண்டு மங்கலம் கடலூர் பஸ் ஏறினாள். ஊருக்கு வந்தபின் டவுன் பஸ்ஸில் போய் பி.எட். படித்தாள்.

"அதான் சார், அவளே ஒறவு இல்லன்னு தல முழுகிட்டாளே. அப்புறம் எப்படி வாரிசு? அம்மாபேட்டையே சாட்சி சொல்லும்."

"அந்தத் தண்ணி செல்லாதும்மா. தல முழுகுனா ஒறவு அறுந்துடும்னு சட்டத்துல கெடையாது."

"சாஸ்திரம் செல்லும், எங்க வழக்கம் செல்லாதா?"

"செல்லாது." அவர் பெருமூச்சு விட்டார். பிறகு பிரிசில்லாவைப் பார்த்துக் கேட்டார்: "நீ எப்படிம்மா கிறிஸ்தவத்துக்கு வந்த?"

அதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. இளையவளுக்குக் கைக்குழந்தையில் வலிப்பு வந்தது. போகாத கோயில் இல்லை. கடைசியில் மிஷன் ஆஸ்பத்திரியில் ஒரு நர்சம்மா இரவு பகல் பார்க்காமல் காப்பாற்றிக் கொடுத்தாள். அவள் பேரையே வைத்து, குழந்தையை ஏசப்பாவுக்கு விட்டுவிட்டாள் மங்கலம். மூத்தது மாரியாத்தாளுக்கு, இளையது ஏசப்பாவுக்கு. காலனியில் பாதி வீடு அப்படித்தான். யாரும் அதை வினோதமாக நினைக்கவில்லை. ஆடியில் அக்கா கூழ் ஊற்றினால் தங்கை பாத்திரம் கழுவுவாள். கிறிஸ்துமஸுக்குத் தங்கை ஸ்டார் கட்டினால் அக்கா ஸ்டூலைப் பிடித்துக்கொள்வாள். வளர்ந்த பிறகு பிரிசில்லா தேவனாம்பட்டினம் கடலில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தபோது, துண்டும் மாற்றுத்துணியும் பிடித்துக்கொண்டு கரையில் நின்றவள் அனுப்பிரியாதான். ஒரு பெரிய அலை வந்து அவளையும் புரட்டிப் போட்டுவிட்டது. இரண்டு பேரும் தொப்பலாக நனைந்து நிற்கிறதை யாரோ போட்டோ எடுத்தார்கள். உப்புத்தண்ணீர் எரிச்சலில் அனுப்பிரியா கண்ணை இறுக மூடியிருப்பாள்.

பிரிசில்லா போனில் இருந்த அந்தப் போட்டோவைக் கலியமூர்த்தி வெகுநேரம் பார்த்தார்.

"ரெண்டு பேரும் ஒண்ணா முழுக்கு எடுத்தாங்கன்னு சொல்லிடுங்க."

"சார்!" என்று பதறினாள் பிரிசில்லா.

"முழுக்குக் குடுத்த பாஸ்டர் எங்க?"

"கொரோனாவுல போய்ட்டாரு."

"அப்போ இல்லன்னு சொல்ல ஆள் கெடையாது. வூடு வேணுமா வேணாமா? யோசிச்சுச் சொல்லுங்க."

மங்கலம் எழுந்து வாசல்வரை போனாள். திரும்பி வந்து மேஜைமேல் கையை ஊன்றினாள்.

"ஒண்ணு கேக்குறேன் சார். குழாத்தண்ணி செல்லாது, கடல் தண்ணி செல்லும். அதான?"

"அதாம்மா" என்றார் கலியமூர்த்தி.

வீட்டுக்கு வந்து பிரிசில்லா அழுதாள். "அம்மா, என் சாமிய வாடகைக்கு எடுக்காத. எனக்கு அது வெளையாட்டு இல்ல."

"வாடகைக்கு எடுக்கலன்னா நாம வாடக வூட்டுக்குப் போவணும். எனக்கு மட்டும் வெளையாட்டா? எம் பொண்ணு வெள்ளிக்கெழம தவறாம மாரியாத்தாளுக்கு வெளக்குப் போட்டவ. அவள நான் இல்லன்னு சொல்லணும்." மங்கலம் சுவரைத் தடவினாள். ஒரு மூலையில் பூச்சு லேசாகப் புடைத்திருக்கும். அது அனுப்பிரியா தானே பூசிப் பார்த்த இடம். கொத்தனார் சிரித்தும் அதை மாற்ற அவள் விடவில்லை. இந்தச் சுவரைச் சின்னம்மாளுக்கு விட்டுக்கொடுக்க மங்கலத்துக்கு உயிர் இருக்கும்வரை மனசு வராது. "பொய்யி என்னோடது. பாவம் என் தலையில. நீ வாயத் தொறக்காம நில்லு."

மஞ்சக்குப்பம் கோர்ட்டில் அவள் கூண்டேறினாள். சத்தியமாகச் சொல்வதெல்லாம் உண்மை என்று சொல்லிவிட்டு, அடுத்த மூச்சில் பொய் சொன்னாள். கடலில் இரண்டு பெண்களும் முழுகினார்கள், தான் கரையில் நின்று பார்த்தேன் என்றாள். உண்மையில் அன்று அவளுக்குக் காய்ச்சல், வீட்டில் படுத்திருந்தாள்.

எதிர்த்தரப்பு வக்கீல் விவரமான ஆள். "கிறிஸ்தவப் பொண்ணுன்னா ஏன் எரிச்சீங்க? கல்லறையில அடக்கம் பண்ணலியே?"

"எரிச்சது எங்க காலனி வழக்கம்."

"கொள்ளி வச்சது யாரு?"

"வேற யாரு? தங்கச்சிக்காரி. கொள்ளிச்சட்டி தூக்க அந்த வூட்லேர்ந்து ஒரு நாதி வரல." மங்கலம் சின்னம்மாளின் பக்கம் கையை நீட்டினாள். "ஏன் வரலன்னு கேளுங்க. கொள்ளி வைக்க ஆள் இல்ல, வூடு கேக்க மட்டும் வண்டி எடுத்துட்டு வந்துட்டாங்க! எம் பொண்ணு செத்தப்போ இவளுக்கு மருமவ இல்ல. பட்டாவப் பாத்ததும் மருமவ ஆயிட்டாளா?"

"கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்க" என்றார் நீதிபதி.

சின்னம்மாளையும் கூண்டில் ஏற்றினார்கள். தண்ணீர் ஊற்றிக்கொண்டது உண்மையா என்று கலியமூர்த்தி கேட்டார். ஊற்றிக்கொண்டேன் என்று கிழவி ஒளிக்காமல் ஒத்துக்கொண்டாள். அவள் இளைய மகன் இளவரசு பின்வரிசையில் பல்லைக் கடித்தான். அந்தத் தண்ணீருக்கும் வழக்குக்கும் சம்பந்தம் இல்லை என்று நீதிபதி அடுத்த சாட்சிக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு இளவரசுவும் கூண்டேறி, அண்ணியைத் தாயாக நினைத்ததாகச் சொல்லிக் கண்ணைக் கசக்கினான். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதைதான். அண்ணி உயிரோடு இருந்தபோது ஒரு போன் பண்ணியது கிடையாது.

வழக்கு இழுத்தது. ஆனால் அந்தப் போட்டோவில் ஜெபிப்பதுபோல் மூடியிருந்த கண்கள் வேலை செய்தன. தீர்ப்பு மங்கலத்தின் பக்கம் வந்தது. அனுப்பிரியா கிறிஸ்தவப் பெண்ணாக இறந்தாள், ஆகவே மங்கலம் அவளுக்குத் தாய், அதாவது வாரிசு. பெற்று, பால் கொடுத்து, கொள்ளிவரை பார்த்தவளுக்குக் கடலில் அடித்த ஓர் அலை சர்டிபிகேட் கொடுத்தது.

இந்தக் கதையில் மிச்சம் இருப்பது சோறு.

வழக்குப் போட்ட அன்றே கலியமூர்த்தி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "உன் சாமிய நீ கும்பிட்டுக்க. ஆனா பொண்ணு படத்துக்குப் பொட்டு வைக்காத. மால போடாத. படையல் கிடையல்னு எதுவும் கூடாது. இளவரசு ஆளு வச்சுப் பாத்துக்கிட்டு இருப்பான். ஒரு போட்டோ போதும், மொத்தமும் கவுந்துடும்."

அதனால் தலைத்திவசத்துக்கு இலை போடவில்லை. அடுத்த வருஷமும் போடவில்லை. எங்கள் பக்கத்தில் செத்தவர்கள் வருஷத்துக்கு ஒருநாள் பசியோடு வந்து நிற்பார்கள், இலையில் அவர்களுக்குப் பிடித்ததைப் போட வேண்டும் என்பார்கள். அது உண்மையா பொய்யா, படித்தவர்கள் பேசிக்கொள்ளட்டும். மங்கலத்துக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் ஆக்கிப் போட்டவள், பெற்ற பிள்ளைக்கு ஒரு கைப்பிடி வைக்க முடியாமல் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

தீர்ப்பு வந்த கையோடு அவள் கேட்ட முதல் கேள்வியே, "இந்த வருஷம் இல போடலாமா சார்?" என்பதுதான்.

"அவசரப்படாதம்மா. இளவரசு அப்பீல் போட்டுட்டான்."

"அது எப்போ முடியும்?"

"அஞ்சு வருஷம் ஆவலாம், பத்து வருஷமும் ஆவலாம்."

"பத்து வருஷம் எம் பொண்ணு பட்டினி கெடக்கணுமா?"

கலியமூர்த்தி கெட்ட மனிதர் இல்லை. அடுத்த கேஸ் கட்டை எடுத்துப் பிரித்துவிட்டார், அவ்வளவுதான்.

திவசத்து நாள் காலையில் பிரிசில்லா எழுந்து வந்து பார்த்தபோது அடுப்படி மணத்தது. தேவனாம்பட்டினத்து எறா வறுவல், முருங்கைக்கீரை அடை, பண்ருட்டிப் பலாச்சுளை. பெட்டிக்கடையில் வாங்கிய தேன்மிட்டாய் ஒரு பொட்டலம். கணக்கில் நூறு வாங்குகிற பிள்ளைக்குக் கொடுக்க அனுப்பிரியா எப்போதும் பையில் தேன்மிட்டாய் வைத்திருப்பாள். பாதியை அவளே தின்றுவிடுவாள்.

"அம்மா, வேணாம். எதுத்த வூட்ல பாக்குறாங்க."

"இங்க போடல. கெளம்பு. சிதம்பரம் போறோம்."

"அங்க யாரு இருக்காங்க?"

"மாமியாக்காரி இருக்கா. எம் பொண்ணு இந்துன்னு கோர்ட்ல சத்தியம் பண்ணவ அவ ஒருத்திதான். எம் பொண்ணுக்குத் திங்க வேற போக்கிடம் ஏது?"

பிரிசில்லா தடுத்துப் பார்த்தாள். வீடு போய்விடும் என்றாள். மங்கலம் தூக்குப் பாத்திரத்தை மூடிக்கொண்டே, "வூட்டுக்காவ ஒரு தடவ அவள இல்லன்னு சொன்னேன். இன்னொரு தடவ சொல்ல என் நாக்கு வராது" என்றாள். பிரிசில்லா அக்கா படத்தைத் துண்டில் சுற்றித் தானே எடுத்துக்கொண்டாள்.

ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று பஸ் நின்று நின்று போனது. மங்கலம் மடியில் தூக்கை இறுக்கிப் பிடித்திருந்தாள். அன்று கிழிந்த கையோடு மகள் திரும்பி வந்த அதே ரோடு.

அம்மாபேட்டை வீட்டில் சின்னம்மாள் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். மங்கலத்தைப் பார்த்ததும் முறம் அப்படியே நின்றது. சத்தம் கேட்டு உள்ளேயிருந்து இளவரசு பனியனோடு வந்தான்.

"இன்னா அத்த, சமாதானம் பேச வந்தியா? எதுனா பேசணும்னா வக்கீல் மூலமாப் பேசு."

"உங்கிட்ட எனக்குப் பேச்சு இல்லடா." மங்கலம் செருப்பை விட்டு நேரே கூடத்துக்குள் போனாள். பிரிசில்லா கையிலிருந்து படத்தை வாங்கிக் கிழக்கே பார்த்துச் சுவரோரம் வைத்தாள். மடியிலிருந்து குங்குமம் எடுத்து, இத்தனை வருஷம் வெறும் நெற்றியாக இருந்த மகளுக்குப் பொட்டு வைத்தாள். பிறகு வாழையிலையைப் படத்துக்கு முன்னால் விரித்துவிட்டுத் திரும்பினாள்.

"வா சம்மந்தி. இன்னிக்கு உன் மருமவளுக்குத் தெவசம். கோர்ட்ல மருமவன்னு சொன்னியே, நீதான வாரிசு? மொதல்ல நீ வை. அப்புறம் நான் வைக்கிறேன்."

சின்னம்மாள் முறத்தோடு நிலைப்படியில் நின்றாள். "இன்னிக்குத்தானா?" என்றாள் தாழ்ந்த குரலில்.

"ஆமா. சொத்து எந்த சர்வே நம்பருன்னு தெரியும், செத்த நாளு தெரியாதா? சரி, போவட்டும். உம் மருமவளுக்குப் புடிச்சது எதுனா ஒண்ணு வை. உள்ள போயி எடுத்தா."

கிழவி அடுப்படிக்குப் போனாள். பாத்திரங்கள் உருண்டன. ஒரு டப்பா திறக்கிற சத்தம், மூடுகிற சத்தம். வெறுங்கையோடு திரும்பி வந்தாள்.

"அவளுக்கு இன்னா புடிக்கும் சம்மந்தி?"

மங்கலத்துக்கு வந்த கோபத்தில் கூடமே சுழன்றது. "எங்கிட்ட கேக்குறியா? நான் யாரு அவளுக்கு? உன் பக்கம் ஒருத்தரும் இல்லன்னாதான் நானு. சட்டத்துலயே எழுதியிருக்குதாம்!"

சின்னம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அழுதாளா, வியர்வையா என்று தெரியவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். மங்கலம் அவளைப் பார்த்து இரங்கவில்லை. இரங்குகிற நிலையில் அவள் இல்லை. தூக்கைத் திறந்து ஒவ்வொன்றாக இலையில் வைத்தாள். எறா, அடை, பலாச்சுளை. கடைசியில் தேன்மிட்டாய்ப் பொட்டலத்தை அவிழ்த்துக் கொட்டினாள். "சாப்புடுடி, கண்ணு. ஆத்தா உம் மேல பொய்ச்சத்தியம் பண்ணிட்டேன். பாவம் பசியோட போவாத" என்றாள். பிரிசில்லா அம்மாவுக்குப் பக்கத்தில் முழங்காலிட்டுக் கண்ணை மூடி, தன் வழக்கப்படி, உதடு அசையாமல் ஜெபித்தாள்.

கண் திறந்தபோது அவள்தான் முதலில் பார்த்தாள். இளவரசு போனைத் தூக்கிப் பிடித்திருந்தான். பொட்டு வைத்த படம், இலை, அதற்கு முன்னால் கைகூப்பியிருக்கும் மங்கலம். அவன் முகத்தில் லாட்டரி விழுந்த சிரிப்பு.

"அம்மா! அவன் போட்டோ எடுக்குறாம்மா! எழுந்திரு!"

"எடுக்கட்டும்."

"அப்பீல்ல காட்டுவான். வூடு போயிடும்!"

"வேணாம்டா இளவரசு" என்று முந்தானைக்குள்ளிருந்து சின்னம்மாள் சொன்னாள். அவன் காதில் வாங்கவில்லை.

மங்கலம் மெதுவாக எழுந்தாள். முழங்கால் சொடுக்கியது. படத்தைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு, இலைக்குப் பக்கத்தில், போனுக்கு நேராக நின்றாள். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கவில்லை.

"நல்லா எடுறா. இந்த இலையில இருக்குற சோறு தெரியணும், இவ நெத்தியில பொட்டு தெரியணும். நீதிபதிகிட்ட குடு. பக்கத்துல நிக்கிறவ யாருன்னு கேட்டா, அவளப் பெத்தவன்னு சொல்லு."